சியர்ஸ் தான் கட்டிய கோபுரத்தை விட்டு ஏன் போனது?

நீங்கள் கேட்டது இது: சிகாகோவின் வில்லிஸ் டவரை ஊர்க்காரர்கள் இன்னும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்கிறார்கள். உலகத்திலேயே உயரமான கட்டடத்தைக் கட்டிக் குடியேறிய கம்பெனி இருபது வருடத்துக்குள் அதைக் காலி செய்தது ஏன்? அதற்குப் பிறகு அவ்வளவு இடத்தையும் நிரப்பியது யார்? ஒரு இன்சூரன்ஸ் தரகு நிறுவனத்தின் பெயர் அதன் மேல் எப்படி ஏறியது?

அலுவலக வாடகை ஒப்பந்தங்களைப் படிப்பது என் பிழைப்பு என்பதால் இந்தக் கட்டடத்தை நான் பார்க்கும் கோணம் கொஞ்சம் வேறு. இரும்பையும் உயரத்தையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, சியர்ஸ் டவர் முதல் நாளிலிருந்தே பாதி தலைமையகம், பாதி வாடகை வியாபாரம் என்பதுதான். அதன் வடிவம், உயரம், பின்னால் வந்த கடன் சிக்கல், பெயர் மாற்றம் எல்லாமே அங்கிருந்து கிளம்பியவை.

முதலில் சியர்ஸைப் பற்றிக் கொஞ்சம். சியர்ஸ், ரோபக் 1892-ல் தொடங்கிய கம்பெனி. தபால் மூலம் ஆர்டர் எடுத்துப் பொருள் அனுப்பி வளர்ந்தது. தையல் இயந்திரத்திலிருந்து பிரித்து அனுப்பப்படும் முழு வீடு வரை கேட்டலாகில் விற்றவர்கள். 1906-லிருந்து தலைமையகம் சிகாகோவின் மேற்குப் பகுதியில், ஹோமன் அவென்யூ பக்கம். அங்கே 14 மாடிக் கோபுரம் ஒன்று உண்டு, உண்மையில் அதுதான் முதல் சியர்ஸ் டவர். அது இன்றும் நிற்கிறது. 1960-களின் இறுதியில் சியர்ஸ் உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம். சுமார் 3,50,000 ஊழியர்கள். அலுவலகங்கள் சிகாகோ முழுக்கச் சிதறிக் கிடந்தன. எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் நகர மையத்தில், என்று 1969-ல் முடிவெடுத்தார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டபோதுதான் சுவாரசியம் ஆரம்பமாகிறது. சுமார் 30 லட்சம் சதுர அடி என்று வந்தது. ஆனால் அது அன்றைய தேவை மட்டுமல்ல. இனி வரும் ஆண்டுகளில் கம்பெனி வளர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருந்தது. வளரும் வரை மீதி இடத்தை என்ன செய்வது? வாடகைக்கு விடலாம். கம்பெனி வளர வளர வாடகைக்கு இருப்பவர்களை ஒவ்வொரு தளமாக வெளியேற்றிவிட்டுத் தாங்கள் மேலே ஏறிக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம்.

இங்கே ஒரு முரண்பாடு வந்தது. சியர்ஸுக்குத் தேவைப்பட்டவை அகலமான தளங்கள். கொள்முதல் பிரிவில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாக மேஜை போட்டு வேலை செய்பவர்கள். அவர்கள் ஒரே மாடியில் இருந்தால் வேலை ஓடும், யாருக்கும் ஜன்னல் முக்கியமில்லை. ஆனால் வாடகைக்கு வருபவர்கள் யார்? வக்கீல் நிறுவனங்கள், பங்கு வர்த்தகர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள். இவர்களுக்குத் தளம் சிறியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஜன்னலோர அறை வேண்டும். முழு மாடியும் தங்கள் பெயரில் இருந்தால் இன்னும் சந்தோஷம். ஒரே கட்டடத்தில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடம் கொடுக்க ஒரே வழி, கீழே அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் கட்டுவது. மேலே தளம் குறுகினால் அதே சதுர அடிக்கு மாடிகள் அதிகமாகும். அப்படித்தான் கட்டடம் உயர்ந்தது. 'உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனத்துக்கு மிகப் பெரிய தலைமையகம்' என்ற பெருமைப் பேச்சு அன்றைய தலைவர் கார்டன் மெட்காஃபிடம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் பாதியாவது, இன்னும் யாரென்றே தெரியாத வாடகைதாரர்களுக்காக ஏறியது.

இதை வடிவமாக மாற்றியவர்கள் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாமும் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கானும். கான் 1929-ல் டாக்காவில் பிறந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1952-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். கிரஹாம் ஒரு கைப்பிடி சிகரெட்டுகளை வெவ்வேறு உயரத்தில் நிற்கும்படி பிடித்துக் காட்டினார், கான் 'இது நிற்கும்' என்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அமைப்பு அதுதான்: 75 அடிக்கு 75 அடி சதுரக் குழாய்கள் ஒன்பது, மூன்றுக்கு மூன்றாக ஒட்டி நிற்கின்றன. இரண்டு குழாய்கள் 50-ஆம் தளத்தில் நின்றுவிடும். இன்னும் இரண்டு 66-ல். மூன்று 90-ல். மீதி இரண்டு மட்டும் உச்சிவரை, 1,450 அடிக்குப் போகும்.

இதைச் சதுர அடியாக மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் வாடகைக் கணக்கு புரியும். 50-ஆம் தளம் வரை ஒவ்வொரு மாடியும் 225 அடிக்கு 225 அடி, அதாவது 50,625 சதுர அடி. அதற்கு மேல் 66 வரை ஏழு குழாய்கள், 39,375. பிறகு 90 வரை ஐந்து குழாய்கள், 28,125. உச்சியில் வெறும் 11,250. (இது வெளிச்சுவருக்குள் இருக்கும் மொத்தப் பரப்பு, லிப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் கழித்தால்தான் பயன்படும் இடம்.) கீழ் மாடியில் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஜன்னலுக்கும் 100 அடிக்கு மேல் தூரம். எந்த வக்கீலும் அதற்குக் காசு கொடுக்க மாட்டார். மேலே 70-ஆம் மாடியில் அதே வக்கீல் சந்தோஷமாக உட்காருவார். ஒரே முகவரியில் நான்கு வகையான சரக்கு.

இடம் சேர்த்த கதையும் லேசானதல்ல. வேக்கர், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜாக்சன் என்ற நான்கு தெருக்களுக்கு நடுவே இரண்டு சிறு பிளாக்குகள், அவற்றுக்கு நடுவே குயின்சி தெரு. பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கி, நடுவில் ஓடிய தெருத் துண்டையே நகராட்சியிடம் 27 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கினார்கள். முதலில் தெருவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டடங்கள், நடுவே பாலம் என்றுதான் யோசனை. தெருவையே வாங்க முடிந்ததால் ஒரே கோபுரமானது. 1970 ஆகஸ்டில் தோண்டத் தொடங்கி, 1973 மே மாதம் உச்சி இரும்பைப் பொருத்தி, அந்த செப்டம்பரிலேயே சியர்ஸ் ஊழியர்கள் கீழ் மாடிகளில் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். மேலே வேலை 1974 வரை நடந்தது. 76,000 டன் எஃகு, 16,000-க்கும் அதிகமான ஜன்னல்கள், 104 லிப்டுகள்.

லிப்ட் விஷயத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் உயரமான கட்டடத்தின் வாடகையைத் தின்பதே லிப்ட்தான். 110 மாடிக்கும் தரையிலிருந்தே லிப்ட் விட்டால் கீழ் மாடிகளில் லிப்ட் குழிகளுக்கே பாதி இடம் போய்விடும். அதனால் 33-34, 66-67 மாடிகளில் 'ஸ்கை லாபி' என்று இரண்டு இடைநிலையங்கள் வைத்தார்கள். தரையிலிருந்து இரட்டை அடுக்கு எக்ஸ்பிரஸ் லிப்ட் அங்கே கொண்டு விடும். அங்கிருந்து உள்ளூர் லிப்டுக்கு மாற வேண்டும். இடம் மிச்சம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்க இரண்டு லிப்ட் மாற வேண்டும் என்பது ஊழியர்களின் நிரந்தரப் புலம்பலானது.

சரி, கட்டி முடித்தாயிற்று. ஆள் வந்தார்களா?

மெதுவாகத்தான். முதலில் வந்தவர்களில் கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற பெரிய பெயர்கள் உண்டு. ஆனாலும் வருடக்கணக்காக மேல் பகுதியில் பெரும்பங்கு காலியாக இருந்தது. கட்டடம் திறந்த நேரம் அப்படி. 1973-ன் எண்ணெய் நெருக்கடி, அதைத் தொடர்ந்த மந்தம். அதே நேரத்தில் சிகாகோவில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஏரிப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடம் (இன்றைய ஏயான் சென்டர்) கிட்டத்தட்ட அதே சமயத்தில் முடிந்து சந்தைக்கு வந்தது. 1980-களிலும் நகர மையத்தில் புதுக் கட்டடங்கள் எழுந்துகொண்டே இருந்தன. வாடகைக்கு வருபவருக்கு விருப்பம் அதிகம், சொந்தக்காரருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு.

அதைவிடப் பெரிய அடி, சியர்ஸின் சொந்த வளர்ச்சிக் கணக்கு பொய்த்தது. கேமார்ட், பிறகு வால்மார்ட் என்று மலிவு விலைக் கடைகள் வந்து சந்தையைப் பிய்த்துக்கொண்டன. சியர்ஸ் தன் சக்தியை வேறு திசையில் திருப்பியது: 1981-ல் டீன் விட்டர் பங்குத் தரகு நிறுவனத்தையும் கோல்ட்வெல் பாங்கர் வீட்டுமனைத் தரகு நிறுவனத்தையும் வாங்கியது, 1985-ல் டிஸ்கவர் கார்டைக் கொண்டுவந்தது. கடை வியாபாரம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. வாடகைதாரர்களை வெளியேற்றித் தாங்கள் மேலே ஏறும் நாள் வரவே இல்லை.

1988-ல் கட்டடத்தை விற்கப்போவதாக சியர்ஸ் அறிவித்தது. யாராவது பங்குகளை வாங்கிக் கம்பெனியைப் பிடித்து, துண்டு துண்டாக விற்றுவிடுவார்களோ என்ற பயம் பெரிய அமெரிக்க நிறுவனங்களைப் பிடித்து ஆட்டிய காலம் அது. கையில் ரொக்கம் வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும். வாங்க வந்த கனடாவின் ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்தது. அதன்பின் சியர்ஸ் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம்: 1990-ல் மெட்லைஃப் என்ற இன்சூரன்ஸ் நிறுவனம், ஏ.இ.டபிள்யூ. என்ற முதலீட்டு நிறுவனம் ஆகியவற்றின் ஏற்பாட்டில் கட்டடத்தின் மேல் 85 கோடி டாலர் கடன் எடுத்துக்கொண்டது. விற்காமலே விற்ற மாதிரி. பிறகு 1994-ல் கட்டடத்தை ஏ.இ.டபிள்யூ. பக்கம் ஒப்படைத்துவிட்டு, கடனிலிருந்தும் கையைக் கழுவிக்கொண்டு விலகியது.

ஊழியர்கள் அதற்கு முன்பே கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். கொள்முதல் பிரிவை வேறு மாநிலத்துக்கே கொண்டுபோகிறோம் என்று சியர்ஸ் சொன்னதும், இல்லினாய் அரசு சலுகைகளை அள்ளிக்கொடுத்து, வடமேற்கே சுமார் 30 மைலுக்கு அப்பால் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற புறநகரில் நிலம் ஏற்பாடு செய்தது. 1992-ல் இடமாற்றம் தொடங்கியது. சில வருடங்களில் கோபுரத்தில் சியர்ஸ் ஆள் யாரும் இல்லை. புறநகரில் கட்டியவை தாழ்வான, அகலமான கட்டடங்கள், சுற்றிலும் பெரிய பார்க்கிங். 1969-ல் அவர்கள் உண்மையில் கேட்ட அகலமான தளங்கள் 1992-ல்தான் கிடைத்தன என்றுகூடச் சொல்லலாம்.

'தான் கட்டிய கட்டடத்தை விட்டுப் போனார்களே, எவ்வளவு அவமானம்' என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சியர்ஸின் சரிவுக்கு வேறு ஆயிரம் காரணம் உண்டு. கட்டட விஷயத்தில் மட்டும் அவர்கள் நஷ்டத்தைப் பிறர் தலையில் கட்டிவிட்டு வெளியேறினார்கள். அடி வாங்கியது அடுத்தடுத்து வந்தவர்கள்தான்.

எப்படி என்று பாருங்கள். 1997-ல் டிரைசெக்ஹான் என்ற டொரொண்டோ நிறுவனம் வாங்கியது. கையிலிருந்து போட்டது சுமார் 11 கோடி டாலர். கட்டடத்தின் மேல் ஏற்கெனவே இருந்த 73 கோடி டாலர் சொச்சக் கடனும் கூடவே வந்தது. வாடகை ஏறும், கட்டடத்தின் மதிப்பும் ஏறும் என்று கணக்கு. 2001 செப்டம்பர் 11 அந்தக் கணக்கைக் கலைத்தது. அமெரிக்காவின் மிக உயரமான கட்டடத்தில் ஆபீஸ் போட யாருக்கும் உற்சாகமில்லை. அதுவரை கூடுதல் வாடகை வாங்கித் தந்த உயரம் திடீரென்று பாரமாகிவிட்டது. வாசலில் தடுப்புகள், சோதனை, காவல் என்று செலவும் கூடியது. 2006-ல்கூட இந்தக் கட்டடத்தைத் தகர்க்கச் சதி செய்ததாக மியாமியில் சிலரைக் கைது செய்தார்கள். அப்படியொரு செய்தி வந்தால் லீஸ் பேசிக்கொண்டிருப்பவர் ஒரு வாரம் போனை எடுக்க மாட்டார். 2003-ல் டிரைசெக் கட்டடத்தை மெட்லைஃபிடம் விட்டுக்கொடுத்தது. 2004-ல் நியூயார்க் முதலீட்டாளர்கள் சிலரும் சிகாகோ பக்கத்து அமெரிக்கன் லேண்ட்மார்க் நிறுவனமும் சேர்ந்து 84 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 1990-ல் சியர்ஸ் எடுத்த கடன் 85 கோடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருடம் கழித்தும் விற்பனை விலை அந்தக் கடன் தொகையைத் தொடவில்லை. பணவீக்கத்தைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இப்போது பெயருக்கு வருவோம். பெயர் விஷயத்தில் சியர்ஸுக்கு இருந்த உரிமை 2003-ல் முடிந்துவிட்டது. மாற்ற ஆள் வராததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 2008-ன் நிதி நெருக்கடி வந்தது. கூடவே, கட்டடத்தின் பெரிய வாடகைதாரர்களில் ஒன்றான எர்ன்ஸ்ட் அண்ட் யங், வேக்கர் டிரைவில் வடக்கே 155 எண்ணில் புதிதாக எழுந்த கோபுரத்துக்குக் கிளம்பியது. இப்படி மாடி மாடியாகக் காலியாகும் நேரத்தில் லண்டனைச் சேர்ந்த இன்சூரன்ஸ் தரகு நிறுவனமான வில்லிஸ் குழுமம் சிகாகோவில் சிதறிக் கிடந்த தன் ஐந்நூறு பேரை ஒரே இடத்தில் சேர்க்க இடம் தேடி வந்தது.

வில்லிஸ் எடுத்தது 1,40,000 சதுர அடி. சதுர அடிக்கு வருடத்துக்கு 14.50 டாலர். பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு 20 லட்சம் டாலர் சொச்சம்தான். கட்டடத்தில் வாடகைக்கு விடக்கூடிய மொத்த இடம் சுமார் 38 லட்சம் சதுர அடி; அதில் நான்கு சதவீதம்கூட இல்லை. அதற்குப் பெயரும் சேர்த்துக் கொடுத்தார்கள், தனியாகப் பணம் கிடையாது. 2009 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம் வில்லிஸ் டவர் ஆனது. ஊர்க்காரர்களின் கோபம் தெரிந்ததுதான். ஆனால் சொந்தக்காரர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நெருக்கடி நேரத்தில் கடன் கொடுத்தவர்களிடம் காட்ட ஒரு புது லீஸ் வேண்டும். 'அங்கே யாரும் போவதில்லை' என்ற பேச்சை உடைக்க ஒரு வெளிநாட்டுப் பெயர் வேண்டும். பெயர்ப்பலகை அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த சரக்கு.

அதே 2009-ல் இன்னொரு லீஸும் பேசி முடிந்தது. கட்டடத்தின் தலையெழுத்தை மாற்றியது அதுதான், ஆனால் செய்தியில் அவ்வளவாக அடிபடவில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸ் எல்க் குரோவ் என்ற புறநகரிலிருந்த தன் இயக்கப் பிரிவை இங்கே கொண்டுவர ஒப்புக்கொண்டது. நகராட்சி வரிச் சலுகை கொடுத்தது. சில வருடங்களில் தலைமையகமும் இங்கேயே வந்தது. மொத்தம் சுமார் 8,50,000 சதுர அடி. உலகம் முழுக்கப் பறக்கும் விமானங்களை இருபத்துநான்கு மணி நேரமும் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம் இங்கேதான். சியர்ஸ் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனது. யுனைடெட் புறநகரிலிருந்து நகரத்துக்கு வந்தது.

யுனைடெட் ஏன் இங்கே? சலுகை ஒரு காரணம். ஆனால் இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். அடுத்தடுத்த மாடிகளில், மாடிக்கு 50,000 சதுர அடி என்று, தொடர்ச்சியாக இவ்வளவு இடம் காலியாக வேறு எங்கே கிடைக்கும்? அவை சியர்ஸின் கொள்முதல் பிரிவுக்காகக் கட்டிய அகலத் தளங்கள். வக்கீலுக்கு உதவாத நடு இடம், திரைகளைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்காரும் விமான இயக்கப் பிரிவுக்குச் சரியாகப் பொருந்தியது. மேலே வக்கீல் நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன: செய்ஃபார்த் ஷா தன் முகவரியில் 80-ஆம் மாடியைப் போட்டுக்கொள்கிறது, ஏரென்ட்ஃபாக்ஸ் ஷிஃப் 71-ஐ. ஐந்து குழாய்த் தளங்கள், 28,125 சதுர அடி. 1969-ல் 'சிறிய தளம் வேண்டும்' என்று சொன்னவர்கள் யாரை மனதில் வைத்துச் சொன்னார்களோ, அவர்களே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாடகை என்றால் மேஜை நாற்காலி மட்டுமல்ல. இந்தக் கட்டடத்துக்கு மேலே இன்னொரு வகை வாடகைதாரர் உண்டு: டிவி, ரேடியோ நிலையங்கள். கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, இது தங்கள் டிவிப் படத்தைக் கெடுக்கும் என்று புறநகர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சொந்த நிலத்தில் சட்டப்படி கட்டுபவரை அதற்காகத் தடுக்க முடியாது என்று 1972-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பிற்பாடு அந்த நிலையங்களில் பலவே தங்கள் ஆன்டெனாவைக் கொண்டுவந்து இதே கூரையில் வைத்து வாடகை கட்டின. 103-ஆம் மாடியில் 1974 முதல் பார்வையாளர் தளம். 2009-ல், பெயர் மாறிய அதே மாதத்தில், சுவருக்கு வெளியே நாலடி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஆபீஸ் சந்தை படுத்தாலும் டிக்கெட் வருமானம் அந்த அளவுக்குப் படுக்காது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930-களின் மந்தத்தில் கற்றுக்கொடுத்த பாடம் இது. அங்கேயும் ஆபீஸ்கள் காலியாகக் கிடந்தபோது உச்சித் தளத்து டிக்கெட்தான் கைகொடுத்தது.

2015-ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 130 கோடி டாலருக்கு வாங்கியது. நியூயார்க்குக்கு வெளியே அமெரிக்காவில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் கொடுத்த உச்ச விலை அப்போது அதுதான். யுனைடெட்டின் பெரிய லீஸ் உள்ளே இல்லாமல் அந்த விலை வந்திருக்காது என்பது என் கருத்து. பிறகு 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அடிவாரத்தை மாற்றினார்கள். 1973-ல் கட்டியபோது தெருவைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்ற கட்டடம் இது. கருப்பு அலுமினியம், காற்று வீசும் காலி முற்றம், வாசல் எங்கே என்று தேட வேண்டும். இப்போது ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டு, கடைகள், சாப்பாட்டு இடங்கள், கூரைத் தோட்டம். அந்தப் பகுதிக்குப் பெயர் கேட்டலாக். சியர்ஸின் புத்தகத்துக்கு மரியாதையாம். பெயர்ப்பலகையில் இல்லாதவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செலவு எதற்கு என்றால், போட்டி. சிகாகோ ஆற்றின் இரண்டு கரையிலும் புதுக் கோபுரங்கள் வந்துகொண்டே இருந்தன, நல்ல வாடகைதாரர்கள் புதுக் கட்டடத்தைத்தான் தேடுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு இது இன்னும் கூர்மையானது. எடுக்கும் இடத்தைக் குறைத்துக்கொள்வார்கள், எடுப்பதைப் புதிதாக எடுப்பார்கள். வயதான கட்டடத்தின் தொல்லை வேறு விதத்திலும் தலைகாட்டும். 2020 மே மாதம் கொட்டிய மழையில் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து கட்டடம் முழுக்கப் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கூரையிலிருந்து ஒலிபரப்பிய நிலையங்கள் சிலவும் அடங்கின. நல்லவேளையாக ஊரடங்குக் காலம், ஆபீஸ்களில் ஆள் இல்லை.

இன்றைய நிலைமையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: யுனைடெட். 2023-ல் அந்தக் கம்பெனி டென்வர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 113 ஏக்கர் வாங்கியது. உடனே தலைமையகம் அங்கே போகப்போகிறது என்று பேச்சு கிளம்பியது; சிகாகோவில்தான் இருப்போம் என்று யுனைடெட் சொல்லியிருக்கிறது. இருக்கலாம். ஆனால் கட்டடத்தில் இவ்வளவு பெரிய பங்கு ஒரே வாடகைதாரரிடம் இருக்கும்போது அவர் எங்கே நிலம் வாங்குகிறார் என்பதையெல்லாம் கடன் கொடுத்தவர்கள் பார்ப்பார்கள். சியர்ஸ் போனபோது காலியானவையும் அதே அகலத் தளங்கள்தான்.

ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். சியர்ஸ் 2018-ல் திவாலானது. அந்த வளாகத்தை 2023-ல் டேட்டா சென்டர் கட்டும் நிறுவனம் ஒன்று வாங்கியது. அந்தத் தாழ்வான, அகலமான ஆபீஸ்கள் ஒரே கம்பெனிக்காகக் கட்டியவை. புறநகரில் அவற்றைப் பிரித்துப் பிரித்து வாடகைக்கு எடுக்க யாரும் இல்லை. அதனால் புதுச் சொந்தக்காரருக்கு வேண்டியிருந்தது கட்டடங்கள் அல்ல, நிலமும் மின் இணைப்பும்தான்.